ஒளிக் கேபிளுக்கு ஒரு மாடம்: இரண்டு எவர்சில்வர் டம்ளரில் தொடங்கலாம்

எங்கள் அப்பத்தா வீட்டுப் பட்டாலைச் சுவரில் ஒரு விளக்கு மாடம் உண்டு. அகல் அதற்குள்தான் இருக்கும். புடவைத் தலைப்போ ஓடி விளையாடும் பிள்ளைகளோ சுடரைத் தொட முடியாத ஆழம், மேலே கொஞ்சம் கரி படிந்திருக்கும், அவ்வளவுதான். விளக்கைக் கண்ட இடத்தில் வைக்காதே என்று அந்த வீட்டில் யாரும் யாரையும் அதட்டியதில்லை, வைப்பதற்கு இடம் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பல லட்சம் செலவழித்துக் கருவி வாங்கிப் போட்ட ஆபரேஷன் தியேட்டர்களில், துணியைக் கருக்கி ஓட்டை போடக்கூடிய ஒரு விளக்குக்கு மாடமே கிடையாது.

லேப்ராஸ்கோப்பி (வயிற்றில்), ஆர்த்ராஸ்கோப்பி (மூட்டில்) என்று சின்னத் துளை போட்டுச் செய்யும்போது, உள்ளே விட்டுப் பார்க்கும் குழாயான ஸ்கோப்புக்கு வெளிச்சம் கொண்டுபோகும் கேபிளைத்தான் சொல்கிறேன். தியேட்டர் மூலையில் லைட் சோர்ஸ் பெட்டி, உள்ளே 300 வாட் செனான் பல்பு, அதிலிருந்து ஆயிரக்கணக்கான கண்ணாடி இழைகள் கொண்ட கேபிள், அதன் முனை ஸ்கோப்பில் மாட்டியிருக்கும். மாட்டியிருக்கும்வரை பெரிய வம்பில்லை. கழற்றி, எரிந்துகொண்டிருக்கும் முனையை நோயாளி மேல் போர்த்திய டிரேப்பில் ஒரு நிமிடம் வைத்தால்தான் வினை. டிரேப் பொசுங்கும், சில சமயம் கீழே இருக்கும் தோலும் சேர்ந்து பொசுங்கும். மயக்கத்தில் இருப்பவர் காலை இழுத்துக்கொள்ள மாட்டார். இதற்குக் 'குளிர் ஒளி' என்று ஒரு பெயர் வேறு வைத்துவிட்டார்கள். அகச்சிவப்பை வடிகட்டியதால் வந்த பெயர் அது, ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் ஆற்றல்தானே, கருப்பாக எதன்மேல் பட்டாலும் சூடாகத்தான் மாறும். கேபிள் முனையில் 200 டிகிரிக்கு மேல் அளந்தவர்கள் இருக்கிறார்கள்.

பயோமெடிக்கல் படிக்கிற பிள்ளைகள், கடைசி வருட ப்ராஜெக்டுக்கு ஏதாவது உருப்படியாகச் செய்யணும் என்று கேட்டு வருகிறார்கள். காரைக்குடி, தேவகோட்டை பக்கத்து ஆஸ்பத்திரிகளில் கருவி பராமரிப்பு பார்க்கிற ஆள் நான், அவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான். சர்க்யூட் வேண்டாம், ஆப் வேண்டாம், லேத் பட்டறையும் பாத்திரக்கடையும் போதும். ஆனால் கணக்குப் போடாமல் இறங்கினால் டம்ளரே சூடு போடும்.

முதலில் போய் நின்று பாருங்கள்

அனுமதி வாங்கிக்கொண்டு, தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, தியேட்டரில் ஓரமாக நில்லுங்கள். குறைந்தது ஐந்தாறு ஆபரேஷன். மானிட்டரைப் பார்க்காதீர்கள், எல்லாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நீங்கள் கேபிளைப் பாருங்கள். எப்போதெல்லாம் கழற்றுகிறார்கள், யார் கழற்றுகிறார், எந்தக் கையால், கழற்றிய முனை எங்கே போகிறது, எத்தனை நொடி அங்கே கிடக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஸ்கோப் மாற்றும்போது கழற்றுவார்கள். முடிந்தபிறகு, தையல் போடும் நேரத்தில் கழற்றுவார்கள், அதுதான் மோசமான நேரம், ஏனென்றால் எல்லார் கவனமும் வேறு பக்கம் போயிருக்கும். தொடக்கத்தில் வைட் பேலன்ஸ் பார்க்க (கேமராவுக்கு வெள்ளையைக் காட்டி நிறத்தைச் சரிசெய்ய) லைட்டை ஏற்றிவிட்டு அப்படியே டிரேப்பில் படுக்க வைப்பதும் உண்டு. அப்போது லைட்டை அணைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒரு சீனியர் சிஸ்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, அணைச்சா டாக்டர் திட்டுவாரு, அணைக்கலன்னா நீங்க திட்டுறீங்க." அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. செனான் பல்பைத் திரும்பத் திரும்ப அணைத்து ஏற்றினால் ஆயுள் குறையும், பல பல்புகளுக்கு 500 மணி நேரம்தான் கணக்கு, சூடாக இருக்கும்போது உடனே ஏற்றினால் சரியாகப் பற்றாமலும் போகும். ஸ்க்ரப் போட்டவர், அதாவது கையைக் கிருமி போகக் கழுவிக் கையுறை மாட்டியவர், பெட்டியைத் தொடக்கூடாது. தொடக்கூடிய ஃப்ளோர் சிஸ்டர் அந்த நேரம் பார்த்து நூல் எடுக்கப் போயிருப்பார். புதிய பெட்டிகளில் ஸ்டாண்ட்பை பொத்தான் இருக்கிறது, பழையவற்றில் இல்லை, இருந்தாலும் அழுத்த ஒரு கை வேண்டும்.

அதனால் நீங்கள் செய்யப்போகும் பொருளுக்கு ஒரே ஒரு நிபந்தனை. அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவை இருக்கக்கூடாது. டிரேப்பில் வைப்பதைவிட இதில் வைப்பது சுலபமாக இருக்க வேண்டும், கை போகிற வழியிலேயே இருக்க வேண்டும். பஸ்ஸர் அடிக்கும் கருவி, ஆடினால் எரியும் எல்இடி என்றெல்லாம் பிள்ளைகள் ஆசையாக வரைந்துகொண்டு வருவார்கள். ஏற்கனவே அந்த அறையில் கூப்பாடு போடும் பெட்டிகள் நாலைந்து இருக்கின்றன, இன்னொன்று கத்தினால் முதல் வாரமே பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். லைட் சோர்ஸ் பெட்டியைத் திறந்து உள்ளே வயர் இணைக்கும் யோசனை வந்தால் அதையும் இப்போதே விட்டுவிடுங்கள். அது வேறொருவர் சான்றிதழ் வாங்கிய கருவி, நீங்கள் கை வைத்த நொடியில் பொறுப்பு உங்கள் தலையில்.

வெயில் கணக்கு

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக வாருங்கள். முழு வடிவமும் இதில்தான் இருக்கிறது.

கேபிள் முனையிலிருந்து வெளியே வரும் ஒளி ஆற்றல் சில வாட்தான். கணக்குக்கு 4 வாட் என்று வைத்துக்கொள்வோம், உங்களுடைய கேபிளுக்கு நீங்களே அளந்து திருத்திக்கொள்ளுங்கள். இழைக்கற்றையின் விட்டம் 4.8 மில்லிமீட்டர், அதாவது பரப்பு சுமார் 0.18 சதுர சென்டிமீட்டர். 4ஐ 0.18ஆல் வகுத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 22 வாட். உச்சிவெயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.1 வாட் என்பது நாம் பள்ளியில் படித்தது. ஆக, முனை துணியைத் தொட்டுக்கொண்டு இருந்தால் அந்தப் புள்ளியில் 220 சூரியன். சித்திரையில் மொட்டை மாடித் தளத்தில் ஒரு சூரியனுக்கே கால் வைக்க முடியாது.

ஆனால் வெளிச்சம் நேர்க்கோட்டில் போவதில்லை, புனல் மாதிரி விரியும். நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 33 டிகிரி என்று எடுத்துக்கொண்டால், முனையிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி அது ஒரு சதுர சென்டிமீட்டராக விரிந்திருக்கும், 40 சூரியன். 2 சென்டிமீட்டரில் ஐந்து சூரியனுக்குக் கொஞ்சம் மேல். 5 சென்டிமீட்டரில் 38 சதுர சென்டிமீட்டராகப் பரவி, ஏறக்குறைய ஒரே ஒரு சூரியன். தூரம்தான் மருந்து. மூடி போடுவது எதிர்மாறான வேலை, முனைக்கு இறுக்கமான ஒரு தொப்பி செய்து மாட்டினால் 220 சூரியனையும் தொப்பிக்குள் பூட்டுகிறீர்கள், தொப்பி கொதிக்கும், இழைகளை ஒட்டியிருக்கும் பசையும் கெடும். முதல் மாதிரி செய்யும் பத்தில் ஏழு பேர் தொப்பியில்தான் ஆரம்பிப்பார்கள் என்று பந்தயம் கட்டுவேன்.

அடுத்த கணக்கு, பாத்திரத்தின் சூடு. வெளிச்சத்தைப் பாத்திரத்துக்குள் விட்டாகிவிட்டது, அந்த 4 வாட்டும் எங்காவது போயாக வேண்டும், காற்றுக்குத்தான் போக முடியும். தோராயமாக ஒரு சதுர மீட்டர் பரப்பு, ஒரு டிகிரி சூடு வித்தியாசத்துக்கு 10 வாட்டைக் காற்றுக்கு விடும். 4 சென்டிமீட்டர் விட்டம், 6 சென்டிமீட்டர் உயரம் உள்ள சின்ன டம்ளருக்கு வெளிப்பரப்பு சுமார் 88 சதுர சென்டிமீட்டர், கணக்குப்படி அறையைவிட 45 டிகிரி கூடுதலாகச் சூடேறும், 22 டிகிரி ஏசி அறையில் 67 டிகிரி. தோலில் 60 டிகிரி பட்டால் தீக்காயத்துக்கு ஐந்து நொடி போதும், 44 டிகிரிகூட ஆறு மணி நேரம் பட்டால் புண்ணாக்கும். இது 1947இல் வெளியான பழைய ஆராய்ச்சி, இன்றும் எல்லாரும் எடுத்துச் சொல்வது. இப்போது 7 சென்டிமீட்டர் விட்டம், 10 சென்டிமீட்டர் உயரமுள்ள பெரிய டம்ளரை எடுங்கள். பரப்பு 258 சதுர சென்டிமீட்டர், 15 டிகிரிதான் ஏறும், 37இல் நிற்கும். அதே எவர்சில்வர், அதே வெளிச்சம், அளவு மட்டும்தான் வேறு. மருத்துவக் கருவிகளுக்கான ஐஇசி 60601 தரத்தில், நோயாளி உடலில் பத்து நிமிடத்துக்கு மேல் படும் பாகத்துக்கு மேல்வரம்பு 43 டிகிரி. நம் பாத்திரம் நோயாளியைத் தொடவே போவதில்லை, ஆனாலும் இலக்கை அங்கேயே வையுங்கள், யாராவது ஒருநாள் நோயாளி மேல் வைப்பார்கள்.

செய்முறை

காரைக்குடியில் எந்தப் பாத்திரக்கடையிலும் எவர்சில்வர் டம்ளருக்குப் பஞ்சமில்லை. இங்கே கல்யாணச் சாமானில் ஒரு டஜன் இரண்டு டஜன் என்று வைத்துக் கொடுத்து, பெட்டகத்தில் வரிசையாகக் கிடக்கும், வீட்டில் கேட்டாலே கிடைக்கலாம். உள் டம்ளர் 7க்கு 10 அளவு, வெளி டம்ளர் அதைவிட எல்லாப் பக்கமும் 8 முதல் 10 மில்லிமீட்டர் பெரியது. இரண்டுக்கும் நடுவில் மூன்று சிலிக்கோன் ரப்பர் துண்டுகள், இடைவெளி குறையாமல் இருக்க. வெளி டம்ளரில் அடியில் ஒரு சுற்று, விளிம்புக்குக் கீழே ஒரு சுற்று 6 மில்லிமீட்டர் ஓட்டைகள், அடி வழியாகக் குளிர்ந்த காற்று ஏறி மேல் வழியாகப் போகும். கீழே பிரிமணை மாதிரி ஒரு வளையமோ மூன்று கால்களோ வைத்து ஒரு சென்டிமீட்டர் தூக்கிவிடுங்கள். நான் ஓட்டை போடக் கொடுத்த லேத் பட்டறை அண்ணன் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இம்புட்டு ஓட்டை போட்டா காபி ஒழுகிருமே தம்பி" என்றார். ஓட்டை போட்டபின் பிசிறு தட்டச் சொல்லுங்கள், கையுறை கிழிந்தால் சிஸ்டர் அதோடு உங்கள் கருவியைக் குப்பையில் போடுவார், போட வேண்டியதுதான்.

எவர்சில்வரில் ஒரு குறை. அது சூட்டைப் பரப்பாது, அலுமினியத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் சோம்பேறி, தோசைக்கல்லில் நடுவில் கருகி ஓரம் வேகாமல் இருக்குமே, அந்தக் கதை. வெளிச்சம் விழும் அடிப்பகுதி மட்டும் தனியாகக் கொதிக்கும். அதனால் உள் டம்ளரின் அடியில் 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை வட்டமாக வெட்டிப் பதியுங்கள். வெறும் அலுமினியம் காரமான சோப்புத் தண்ணீரில் அரித்துப் போகும், அனோடைசிங் (மின்சாரம் பாய்ச்சி மேலே கெட்டியான ஆக்சைடு படலம் ஏற்றுவது) செய்ய வேண்டும். 1948இல் அழகப்ப செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய ஆய்வு நிலையம் வந்த ஊரில் இருந்துகொண்டு, அனோடைசிங் எங்கே செய்வது என்று என்னைக் கேட்கக்கூடாது. கருப்பு அனோடைசிங் செய்தால் வெளிச்சத்தை விழுங்கிவிடும், பளபளப்பாக விட்டால் திரும்பி மேலே வந்து டாக்டர் கண்ணைக் கூச வைக்கும். உள் சுவரையும் உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கிவிடுங்கள்.

வாய்க்கு ஒரு மூடித்தட்டு. நடுவில் ஓட்டை, கேபிளின் கைப்பிடிப் பகுதி உட்கார்ந்து, முனை மட்டும் உள்ளே இறங்கி, அடித்தகட்டுக்கு மேல் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் தொங்க வேண்டும். ஸ்டோர்ஸ், ஓல்ஃப், ஒலிம்பஸ் என்று கம்பெனிக்கு ஒரு முனை, அதனால் ஓட்டையை ஒரு தடித்த சிலிக்கோன் ரப்பர் வளையமாகச் செய்து, கழற்றி மாற்றும்படி விடுங்கள். வளையத்தின் மேல்பக்கம் புனல் மாதிரி சரிந்து இருக்கட்டும், லேப்ராஸ்கோப்பியில் விளக்கைக் குறைத்து அறையை இருட்டாக்கிவிடுவார்கள், பார்க்காமலே இடது கையால் சொருக வர வேண்டும். நிறம் ஆரஞ்சு. பச்சை டிரேப்பில் பச்சை வளையம் போட்டு ஒரு பையன் கொண்டுவந்தான், அழகாகத்தான் இருந்தது.

ரிவெட் அடிக்காதீர்கள், பற்றவைக்காதீர்கள். ரத்தம் புகும் சந்து எதுவும் கூடாது, மூன்று திருகைக் கழற்றினால் எல்லாப் பாகமும் தனித்தனியாக வந்து தேய்த்துக் கழுவ முடிய வேண்டும். அப்புறம் அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், 121 டிகிரி அல்லது 134 டிகிரி. 3டி பிரின்டரில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு, பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகும், ஆட்டோகிளேவிலிருந்து அப்பளம் மாதிரி வரும். வடிவம் சரியா என்று கையில் பிடித்துப் பார்க்க மட்டும் அச்சடியுங்கள்.

எங்கே வைப்பது? என் கருத்து, நோயாளி மேல் வேண்டாம். கருவி அடுக்கியிருக்கும் டிராலியின் விளிம்பில், ஒரு கிளாம்ப் போட்டு, ஸ்க்ரப் சிஸ்டரின் கைக்கு நேராக. ஆனால் உங்கள் நோட்டில் எழுதியது வேறு மாதிரி சொன்னால் நோட்டைத்தான் நம்ப வேண்டும்.

சோதனை

பழைய கேபிள் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், உபயோகிக்கும் கேபிளில் விளையாட வேண்டாம். அதன் ஒரு முனையை ட்யூப்லைட்டுக்குக் காட்டி மறுமுனையைப் பார்த்தால் கருப்புப் புள்ளிகள் தெரியும், அவை உடைந்த இழைகள், எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள், வெளிச்சம் அவ்வளவு குறையும். பெட்டியில் மாட்டி ஏற்றியபின் முனைக்குள் கண்ணைக் கொண்டுபோகவே கூடாது. ஸ்பிரிட் பாட்டில் எதுவும் மேஜையில் இல்லாமல், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரோடு தொடங்குங்கள்.

முதலில் கருவி இல்லாமல் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒத்தடம் கொடுக்கும் ரப்பர் பையில் 37 டிகிரி வெந்நீர் ஊற்றிப் படுக்க வைத்து, அதன்மேல் வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியை டேப் போட்டு ஒட்டி, மேலே டிரேப்பை விரியுங்கள். பச்சைப் பருத்தி டிரேப், நீலநிற டிஸ்போசபிள் டிரேப் இரண்டையும் பாருங்கள், பருத்தி கருகும், நீலம் பாலிப்ரொப்பிலீன் என்பதால் 160 டிகிரி வாக்கில் உருகிச் சுருங்கும். முனையை வைத்து நொடிகளை எண்ணுங்கள். புகை வந்ததும் எடுங்கள். அந்தக் கருகிய துணியைப் பத்திரமாக வையுங்கள், ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் பேசும்போது எந்த அறிக்கையையும்விட அது பேசும்.

அடுத்து மாடத்துக்குள் வைத்து, முழு வெளிச்சத்தில் 30 நிமிடம், வெளிச்சுவரில் நாலு இடத்தில் வெப்பநிலை. துப்பாக்கி மாதிரி இருக்கும் அகச்சிவப்பு வெப்பமானி பளபளக்கும் எவர்சில்வரில் பொய் சொல்லும், குறைத்துக் காட்டும், அளக்கும் இடத்தில் ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு அதன்மேல் அளங்கள். நான் இதில்தான் ஏமாந்தேன். துப்பாக்கி குளிர்ச்சி என்று காட்டியது, நம்பிக் கையை வைத்தேன், வெடுக்கென்று எடுத்தேன்.

டேப் ஒட்டி அளந்து எல்லாம் சரியாக வந்தபின் இன்னொரு பாடம். ஒரு மடித்த டிரேப் தற்செயலாகக் கருவி மேல் சரிந்து ஓட்டைகளை அடைத்துவிட்டது. கணக்கில் 10 வாட் என்று போட்டோமே, அது துணி போர்த்தினால் 3ஆகச் சுருங்கும், 15 டிகிரி ஏற வேண்டியது 50 டிகிரி ஏறும். தியேட்டரில் துணி சரியாத நாளே கிடையாது. இதற்குத் தீர்வாக மேல் விளிம்பிலிருந்து நாலு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் வெளியே நீளும் கம்பிக் காவல் ஒன்றை வளைத்துப் போட்டேன், துணி அதில் தங்கும், காற்று கீழே ஓடும். துணி போர்த்திய சோதனை, கவிழ்த்துப் போட்ட சோதனை, கேபிள் பாதி மட்டும் சொருகிய சோதனை மூன்றையும் விடாதீர்கள்.

இதற்கிடையில் ஆஸ்பத்திரிக்குக் கருவி இல்லாமலே சொல்லக்கூடியவை சில உண்டு, சொல்லிவிடுங்கள்: ஸ்கோப்பில் மாட்டியபின் லைட்டை ஏற்றுவது, கழற்றுமுன் வெளிச்சத்தைக் குறைப்பது, முனையில் காய்ந்த ரத்தத்தைத் துடைப்பது, ஸ்கோப்பின் அளவுக்கு மீறிய தடித்த கேபிளை மாட்டாமல் இருப்பது (மிஞ்சும் வெளிச்சம் இணைப்பிலேயே சூடாகும்), தோல் துடைக்கும் ஸ்பிரிட் மருந்து நன்றாகக் காய மூன்று நிமிடமாவது விடுவது. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்தால் டிரேப்புக்கு அடியில் ஆக்சிஜன் தேங்கும், அங்கே சின்னப் பொசுங்கலும் தீயாகும்.

ஒன்று மறக்காதீர்கள், இது வெறும் முன்மாதிரிதான். மேஜையில் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் நோயாளி இருக்கும் அறைக்குள் நேராக எடுத்துப் போகக்கூடாது. நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும், விற்கும் எண்ணம் வந்தால் 2017 மருத்துவக் கருவிகள் விதிகளின்படி வகைப்படுத்திப் பதிவு செய்ய வேண்டும், ஐஎஸ்ஓ 14971 சொல்வதுபோல் என்னென்ன தப்பாகப் போகலாம் என்ற கோப்பும் வேண்டும். அந்தக் கோப்பு எழுத அலுப்பாக இருக்கும், ஆனால் மேலே சொன்ன துணி சரிந்த கதை, துப்பாக்கி பொய் சொன்ன கதை எல்லாம் அதில்தான் போய்ச் சேரும், எழுதியபடியே வந்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

இரண்டாவது வடிவம் யோசிப்பவர்களுக்கு ஒரு துப்பு. பால்பாயின்ட் பேனா மாதிரி, ஸ்பிரிங் வைத்த உறையைக் கேபிள் முனையிலேயே மாட்டலாம், ஸ்கோப்பில் சொருகினால் உறை பின்னால் போகும், கழற்றினால் தானே முன்னால் வந்து முனையைத் துணியிலிருந்து தள்ளி நிறுத்தும். யாரும் எதையும் நினைக்க வேண்டாம், அதுதான் அதன் அழகு. ஆனால் 5 சென்டிமீட்டர் உறை ஸ்கோப்பில் கனக்கும், 2 சென்டிமீட்டராகக் குறைத்தால் ஐந்து சூரியன் மிச்சம். நான் இன்னும் முடிக்கவில்லை.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், மூடித்தட்டின் ஓட்டை பற்றி. என் முதல் மாதிரிக்கு மூடித்தட்டே கிடையாது, திறந்த டம்ளர். நோயாளி யாரும் இல்லாமல், சும்மா இடம் பார்ப்பதற்காக ஒத்திகை அறையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் உள்ளே இரண்டு டவல் கிளிப், ஒரு மார்க்கர் பேனா, யாரோ பாதி குடித்துவிட்டு வைத்த தண்ணீர் பாட்டிலின் மூடி.